கூரையைப் பார்த்துப் பாடியவள்

"பாஸ்டர், ட்வெய்ட் ஆன்ட்டி பாடும்போது ஏன் கூரையவே பாக்குறாங்க? அங்க யாரு இருக்கா?"

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், பிள்ளைகளைப் பீடத்தின் படியில் உட்காரவைத்துப் பேசும் நேரத்தில், ஐந்து வயது சோரன் இப்படிக் கேட்டான். வில்மர் என்ற இந்தப் பனிப்பிரதேச ஊரில் எங்கள் தேவாலயத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் சபை முழுவதும் சிரிப்பது வழக்கம். அன்றும் சிரித்தோம்.

"கடவுளைப் பாத்துப் பாடுறாங்க, சோரன்" என்றார் பாஸ்டர் கிறிஸ்டீன்.

"அவரு ஃபேனுக்குப் பக்கத்துலயா இருக்காரு?"

சிரிப்பு இன்னும் கூடியது. பாடற்குழுவின் இரண்டாம் வரிசையில் நின்ற லவோன் ட்வெய்டும் சிரித்தாள். ஆனால் அவளுடைய காது மடல் சிவந்துபோனதை, பக்கத்தில் நின்ற மார்லிஸ் ஹாகன் கவனித்தாள். இருவரும் வாலிப வயதிலிருந்தே பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் தோளோடு தோள் நின்று பாடுகிறவர்கள். மார்லிஸ் மெல்ல எட்டி லவோனின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். சிலுவைப்பாட்டு பாடி முடித்த அந்தத் தவக்கால ஞாயிறன்று, அதில் கிறிஸ்துமஸ் பாட்டு திறந்திருந்தது.

ஆராதனை முடிந்து காப்பிக்குக் கூடியபோது மார்லிஸ் அவளை மூலை மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் எலுமிச்சை இனிப்புத் தட்டு இருந்தது. ஒரே ஒரு துண்டு மிச்சம். கடைசித் துண்டை எடுப்பது எங்களுக்குப் பெரிய வெட்கக்கேடு என்பதால், யாரோ அதைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். இன்னொருவர் அந்தப் பாதியையும் பாதியாக்கியிருந்தார்.

"சொல்லுடி. எவ்வளவு நாளா?"

"எது எவ்வளவு நாளா?"

"ஏசு சிலுவையில தொங்கிட்டிருக்காரு, நீ மாட்டுத்தொழுவத்தத் திறந்து வச்சிருக்கியே, அது."

லவோன் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். பிறகு சொன்னாள். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரங்கள் நன்றாகத் தெரியும். ஓரம் போகாது, முழுக் குருடாக மாட்டாய் என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பழைய பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால், குழுவை நடத்தும் டேலுக்குக்கூடத் தெரியாமல் இதுவரை ஓடிவிட்டது.

"டேல் ஒவ்வொரு தடவையும் 'பென்சில் எடுத்துக் குறிச்சுக்கோங்க, இங்க மூச்சு விடாதீங்க'ன்னு கத்துறாரே, நானும் பென்சில அசைப்பேன். என்ன எழுதினேன்னு எனக்கே தெரியாது."

"அப்ப ஐஸ் ஹாக்கி பாக்கும்போது நான் கத்தினதுக்கு அப்புறமா நீ கத்துறது இதனாலதானா?"

"அந்தக் கறுப்பு வட்டு என் கண்ணுக்குத் தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. உன் சத்தத்த வச்சுத்தான் சந்தோஷப்படுறேன்."

மார்லிஸ் சிரித்துவிட்டாள். ஆனால் லவோன் அடுத்துச் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஈஸ்டருக்கு டேல் புதுப்பாட்டு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். புதுப்பாட்டை மனப்பாடத்திலிருந்து எடுக்க முடியாது. தொண்டை சரியில்லை என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிவிடப் போகிறாள்.

கணவர் இறந்த வாரத்திலும் வந்து நின்று பாடியவள் அவள். பாடுவதுதான் என் ஜெபம், மற்றபடி எனக்கு வார்த்தை வராது என்று எப்போதோ சொல்லியிருந்தது மார்லிஸுக்கு நினைவிருந்தது.

"பொய் சொல்லி விலகாத, தவக்காலத்துல. பெரிய திரை வச்ச டேப்லெட் ஒண்ணு வாங்குவோம். என் அக்கா பொண்ணு காலேஜுல அதுலதான் படிக்கிறா, அதுலயே பேனாவால எழுதுறா, அதுலயே படம் பாக்குறா."

"வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

"இன்னொரு தடவ 'வேண்டாம்' சொல்லிடு, கிளம்பலாம்."

எங்கள் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுப்பதுதான் மரியாதை. மூன்றாம் தடவை கேட்டால்தான் கை நீளும். லவோன் முறைப்படி இன்னொரு தடவை மறுத்தாள்.

லவோன் வீட்டு வரவேற்பறைக் கம்பளத்தை மாற்றுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தப் பணத்தோடு செவ்வாய்க்கிழமை மின்சாதனக் கடைக்குப் போனார்கள். டேப்லெட் வரிசையின் முன் நின்றபோது, டெக்சாஸிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த நெட்டையான மனிதர் வந்து, "ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாம், சும்மா பாக்குறோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சரிங்க" என்று அவர் நடந்துவிட்டார்.

இருவரும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போயே போயிட்டாரு!"

"ஒரு தடவதான் கேட்டாரு. என்ன பழக்கமோ."

திரும்பக் கூப்பிட இருவருக்கும் கூச்சம். லவோனின் கண் பெரிய திரை ஒன்றின் மேல் போனது. மார்லிஸ் அதைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு, இல்ல?" என்றாள். மார்லிஸுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த லவோன், பக்கத்திலிருந்த சிறியதைத் தொட்டு, "இதுவும் மோசமில்ல" என்றாள். அவளுக்குச் சிறியதுதான் பிடித்திருக்கிறது என்று எண்ணிய மார்லிஸ், "ரொம்ப அழகா இருக்கே" என்றாள். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

புதன்கிழமை மாலை தேவாலயத்தில் தவக்காலத்துக்கான எளிய சூப் உணவு. அது முடிந்ததும் பாட்டுப் பயிற்சி. லவோன் தன் புது டேப்லெட்டைப் பாட்டுத்தாள் தாங்கியில் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்று பாராட்டினார்கள். டேல் புதுப்பாட்டின் முதல் வரியைப் பியானோவில் வாசித்தார். மார்லிஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

லவோன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

வண்டியில் ஏறியதும் மார்லிஸ் சாவியைத் திருப்பவில்லை.

"நெசமா சொல்லு. திரை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அந்த 'தான்' எதுக்கு?"

"...உனக்குப் பிடிச்சிருந்துச்சேன்னு."

"எனக்கா? எனக்கு எதுக்குடி பிடிக்கணும், கண்ணு உன்னுது! நீதான 'மோசமில்ல'ன்னு சொன்ன."

"நீ கனமா இருக்குன்னு சொன்ன."

"பெருசு கனமா இருந்துச்சு, அதான் கனமா இருக்குன்னேன்!"

கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தார்கள். பிறகு லவோன் அமைதியாகச் சொன்னாள்: "எழுத்தப் பெருசாக்கினா ஒரு வரிதான் தெரியுது. அடுத்த வரிக்குத் தேடிப் போறதுக்குள்ள நீங்கல்லாம் பாடி முடிச்சிடுறீங்க. போதும் மார்லிஸ். ஞாயித்துக்கிழம டேல்கிட்ட சொல்லிடுறேன்."

"நாளைக்கு இதத் திருப்பிக் கொடுக்க எப்படியும் போகணும் இல்ல? அது வரைக்கும் வாயத் திறக்காத."

வியாழக்கிழமை சாயங்காலம் போனபோது பனி விழத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை வந்தவள் ஹோதன் என்ற இளம்பெண். கறுப்பு முக்காடு, சட்டையில் பெயர்ப் பட்டை. சிறியதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்ன குறை என்று கேட்டாள். மார்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப பெரிய திரை பாக்கலாமா மேடம்?"

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் லவோன்.

ஹோதன் ஒரு விரலை மடக்கினாள். "இது மொதல் வேண்டாம். இன்னொண்ணு இருக்கு. மெதுவா சொல்லுங்க, நான் இங்கயேதான் நிப்பேன்."

லவோன் திகைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இதே ஊர்லதான் பொறந்தேன். எங்க அம்மா வீட்டுல 'வேண்டாம்' ரெண்டோட நிக்காது, ஏழு எட்டு வரைக்கும் போகும். உங்களோடது எனக்கு சுலபம்."

அவள் இரண்டு பெரிய டேப்லெட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் நிறுத்தினாள். ஒன்று நீண்டு அகன்றது, மற்றது கொஞ்சம் சதுரமானது. முதலில் நீண்டதில் ஞானப்பாட்டு ஒன்றைத் திறந்தாள்.

"எப்படி இருக்குன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன். 'மோசமில்ல'ன்னுதான் சொல்வீங்க. பாடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"இங்கயா? கடையிலயா?"

"மெதுவா."

லவோன் வெட்கத்தோடு ஆரம்பித்தாள். மார்லிஸும் சேர்ந்துகொண்டாள். இரண்டாம் வரியில், குளிர்பெட்டிகளின் பக்கமிருந்து ஓர் ஆணின் அடிக்குரல் கச்சிதமாக வந்து சேர்ந்தது. குளிர்பெட்டி வாங்க வந்த யாரோ ஒருவர், எங்களைப் போலவே லூத்தரன் சபைக்காரர். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டபடியே பாடிக்கொண்டிருந்தார்.

ஹோதன் மட்டும் ரசிக்கவில்லை. "நிறுத்துங்க. நீங்க மேல பாக்குறீங்க."

லவோன் சட்டென்று தலையைத் தாழ்த்தினாள்.

"இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பாட்டுல திரையச் சோதிக்க முடியாது. தெரியாதது ஒண்ணு குடுங்க."

மார்லிஸ் தன் கைபேசியிலிருந்து ஈஸ்டர் பாட்டை அனுப்பினாள். நீண்ட திரையில் லவோனின் பார்வை இரண்டு வார்த்தை வரை நின்றது, பிறகு மேலே போய்விட்டது. ஹோதன் திரையை நிமிர்த்தி வைத்து யோசித்தாள். "இது படம் பாக்க அருமையா இருக்கும். ஆனா நிமித்தி வச்சா ஒல்லியாயிடுது, பாட்டுத்தாள் உள்ள சுருங்கிப்போகுது." சதுரமானதை எடுத்தாள். பக்கத்தை இரண்டாக வெட்டி மேல்பாதியை மட்டும் திரை நிறைய விரித்தாள். வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினாள். விளக்கு பட்டு மின்னாமலிருக்கச் சாய்வை மாற்றினாள். காலால் தட்டினால் அடுத்த பாதி வருகிற மாதிரி ஒரு சின்ன மிதிகட்டையையும் இணைத்தாள்.

இதற்கிடையில் அவளுடைய சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அதை அணைத்தாள். பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பேனாவை எடுத்து லவோனின் கையில் கொடுத்தாள்.

"இப்ப பாடுங்க."

லவோன் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு வரி வந்தது, அடுத்த வரியும் வந்தது. ஓரிடத்தில் சுரம் பிசகியது. நின்று, அதைத் தானே சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள். காலைத் தட்டினாள், அடுத்த பாதி வந்தது. அவளுடைய கண் ஒரு தடவைகூட மேலே போகவில்லை. பாடி முடித்ததும் பேனாவால், மூச்சு விடாதீர்கள் என்று டேல் கத்திய இடத்தில், தடிமனாக ஒரு வளைவு போட்டாள். தான் போட்ட வளைவைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியுது" என்றாள்.

மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு மாநில ஹாக்கிப் பந்தயம்" என்று சொல்லி ஹோதனிடம் அதையும் திறக்கச் சொன்னாள். லவோன் திரையருகே குனிந்தாள். சற்று நேரத்தில், மார்லிஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே, கடையே திரும்பிப் பார்க்கும்படி லவோன் கத்தினாள்.

எழுத்தளவு, பேனா, பாட்டுகளை அடுக்கும் இடம் எல்லாவற்றையும் ஹோதன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து முடித்தபோது கண்ணாடிக்கு வெளியே நன்றாக இருட்டியிருந்தது. டெக்சாஸ்காரர் அந்தப் பக்கமாக வந்தார்.

"ஹோதன், உன் சாப்பாடு உள்ள அப்படியே ஆறிப்போய்க் கெடக்கு. நோன்பு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! வெளிய உன் மஞ்சள் கார் பனியில முழுகிட்டுது, பாத்தியா? ராத்திரி தோண்டித்தான் எடுக்கணும்."

"பனி சுரண்டியும் உடைஞ்சுபோச்சு. கையாலதான் தள்ளணும், என்ன பண்றது" என்று சிரித்தாள் ஹோதன்.

லவோனுக்கு அப்போதுதான் அந்த ஒற்றைப் பேரீச்சம்பழம் நினைவுக்கு வந்தது. விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளையையா இவ்வளவு நேரம் நிற்கவைத்தோம்?

"அம்மாடி, பக்கத்துக் கடையில சூடா ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் மேடம்."

"ஒரு சூப்பாவது?"

"அம்மா கட்டிக் குடுத்தது இருக்கு, வேண்டாம்."

"ஒரு காப்பி?"

"மூணாவது தடவையும் சொல்றேன் பாருங்க. நெசமாவே வேண்டாம். உங்க கண்ணு கீழ எறங்கிச்சே, அது போதும்." ஹோதன் கையசைத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போனாள்.

மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

மார்லிஸ் கழிவறைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்து, "வண்டியச் சூடு பண்ணி வையி" என்றாள். லவோன் வெளியே வந்தாள். பனி நின்றிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மனிதரும் இல்லை. மார்லிஸின் வண்டியை முடுக்கிவிட்டு, பெட்டியை இருக்கையில் பத்திரமாக வைத்தாள். வண்டியின் பின்னாலிருந்த பனித் துடைப்பத்தையும் பனி சுரண்டியையும் எடுத்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தை நோக்கி நடந்தாள்.

கம்பத்தின் கீழே அடுத்தடுத்து இரண்டு கார்கள் மூடிக் கிடந்தன. ஒன்றின் பனியைத் துடைத்துப் பார்த்தாள், மஞ்சளாக இருந்தது. மற்றதைத் துடைத்தாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் அதுவும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை.

சரி, இன்னொன்றின் சொந்தக்காரருக்கும் வீடு இருக்குமே என்று எண்ணிக்கொண்டாள். இரண்டின் கூரையிலிருந்தும் பனியைத் தள்ளினாள். இரண்டின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் உறைந்திருந்ததைச் சுரண்டினாள். துடைப்பான்களைத் தூக்கித் தட்டினாள். விளக்குகளைத் துடைத்தாள். ஈஸ்டர் பாட்டின் புது வரி அவள் வாயில் அதுவாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிசகிய சுரம் இப்போது பிசகவில்லை.

மார்லிஸ் வந்து கதவைத் திறந்தபோது லவோன் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நனைந்த கையுறைகள் இருக்கைக்கு அடியில் கிடந்தன.

"என்னடி இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"பாடிப் பாத்தேன்" என்றாள் லவோன்.