மயக்கம் தெளியும் வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. தட்டச்சு செய்துகொண்டிருந்தால் ஏதோ வேலையில் இருப்பதாக நாமே நம்பிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பு முடிந்து, வழுக்காத காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்துப் படுக்கையில் பயிற்சி செய்கிற பெண், அவளும் காலுறையைக் கழற்றியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலைல எனக்காக ஒரு மூணு மணி நேரம் ஒதுக்க முடியுமா? முடியலைன்னா பரவால்ல, சங்கடப்படாதீங்க."

"என்ன விஷயம்?"

"குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கப் போறாங்க. மயக்க ஊசி போட்டுத்தான் செய்வாங்களாம். கூட ஒரு ஆள் வரலைன்னா ஊசி போட மாட்டாங்களாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருவரும் எண்களை வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து இப்படி எழுதினேன்:

ஐம்பதை நெருங்கும் ஓர் ஆணின் முதுகுத்தண்டு, இந்த சியோல் நகரத்திலேயே மிகவும்

(நிறுத்திவிட்டேன். மிகவும் என்ன? அதோடு அவள் ஆணே இல்லை. முன்பின் தெரியாத ஆணுக்குத் துணையாக ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை அல்லவா? அதற்காக என் புத்தி அவளை ஓசைப்படாமல் ஆணாக்கியிருக்கிறது.)

மறுபடியும்:

அவளுக்கு யாரும் இல்லை.

(இதையும் அடித்துவிட்டேன். யாரும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடமாகக் கைக்கெட்டும் தூரத்தில் படுத்துக்கொண்டு மூச்சு விடுகிறோம். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.)

2

பெயர் தெரியாதது எங்கள் குற்றமில்லை. கொங்தொக் பகுதியில், பன்றி எலும்புச் சூப் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சிக்கூடம். ஆசிரியை தாபினுக்கு இருபத்தேழு வயது. அவள் வாயில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், மெம்பர். ஜன்னல் பக்க மெம்பர், கண்ணாடிப் பக்க மெம்பர், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மெம்பர்.

"ஜன்னல் பக்க மெம்பர், தோளைக் கம்மல் மாதிரி காதுல மாட்டிக்காதீங்க. இறக்குங்க."

"இறக்கித்தான் இருக்கேன்."

"அது உங்க நெனப்பு."

ஜன்னல் பக்கம் நான். எனக்கு அடுத்தவள்தான் கண்ணாடிப் பக்கம்.

ரிஃபார்மர் என்பது ஸ்பிரிங் பூட்டிய படுக்கை. மேலே படுத்துக் காலால் உதைத்தால் பலகை சறுக்கிக்கொண்டு போகும். உதைப்பது சுலபம். திரும்பி வரும்போது ஸ்பிரிங் இழுக்கிற இழுப்புக்குப் பலகை தடாலென்று மோதாமல், சத்தமே இல்லாமல் வந்து சேர வேண்டும். அங்கேதான் எங்கள் வயது தெரிந்துவிடும். கண்ணாடிப் பக்கத்திலிருந்து சத்தம் வந்து நான் கேட்டதில்லை. என் பலகைதான் வகுப்புக்கே மணி அடிக்கும்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: பிலாட்டீஸ் அழகுக்காகச் செய்வது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஏழரை மணி வகுப்புக்கு ஒருமுறை வரலாம். அங்கே அழகாக இருக்கிற ஒரே ஆள் சம்பளம் வாங்குகிறவள்.)

நான் பள்ளித் தேர்வுக்கான பயிற்சி நூல்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு பத்தி எழுதி, அதன் கீழ் ஒரு கேள்வி கேட்டு, ஐந்து விடைகள் கொடுப்பேன். இருபது வருடமாக இதுதான். கழுத்து ஆமைபோல முன்னால் நீண்டுவிட்டது. வலது தோள் இடது தோளைவிட உயரமாகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து நானே ஒரு நாற்காலி ஆகிவிட்டேனோ என்று பயந்துதான் இந்த மாடிக்கு ஏறினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்வதிலும் எங்கள் அலுவலகத்தாருக்கு ஒரு வழி உண்டு. வருடாந்திரப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மொத்தத் துறையும் சோஜு மதுவை நிறுத்திவிடும். வறுத்த கோழி நின்றுவிடும். மதியம் எல்லாரும் கூட்டமாக நடக்கப் போவார்கள். ரத்தம் எடுத்த அன்று மாலையே, விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே மேசையில் பிடித்துவிடுவார்கள். சொந்த உடம்புக்கு நடக்கும் தேர்வில் நாங்களே காப்பி அடிக்கிறோம். நானும்தான், ஒவ்வொரு வருடமும்.

3

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்தக்காரர்களை விட்டுவிட்டுப் பெயர் தெரியாதவளைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் எப்படிப்பட்டவள்? அவளுக்கு ஒரு கணவனை வைத்துப் பார்த்தேன். இடைஞ்சலாக இருந்தான். வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் போன் செய்துகொண்டே இருந்தான். கடைசியில் புனைவதை விட்டுவிட்டு, புதன்கிழமை மதியம் அவளையே கஞ்சிக் கடையில் சந்தித்தேன்.

அங்கேதான் பெயர் சொன்னாள். கதையில் அவளை சோக் ஹேரன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் உங்களுக்கு வேண்டாம், காரணம் இதோ வருகிறது.

அவள் முன்னால் வெள்ளைக் கஞ்சி மட்டும் இருந்தது. பரிசோதனைக்கு முன்னால் விதை, கீரை, கிம்ச்சி ஊறுகாய் எதுவும் கூடாதாம். தனக்கு வந்த கிம்ச்சித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"வருஷப் பரிசோதனைல மலத்துல ரத்தம்னு வந்துச்சு" என்றாள், உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொல்கிற மாதிரி. "எங்கப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. அவரு அம்பத்திரண்டோட போய்ட்டாரு."

"கூடப்பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"புசான்ல அண்ணன் இருக்கான். அவன்கிட்ட சொன்னா அண்ணிக்குப் போகும், அண்ணி எங்கம்மாகிட்ட சொல்லிடுவா. எங்கம்மா அழுதா நான்தான் தேத்தணும். மயக்கத்துல கெடந்துகிட்டு எப்படித் தேத்துறது?"

"ஆபீஸ்ல?"

சிரித்தாள். "டிசம்பர்ல எங்க துறைக்குத் தலைவர் போடுறாங்க. வரிசைல நானும் இன்னொருத்தனும் இருக்கோம். எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு காதுல விழுந்தாப் போதும். பாவம், ஓய்வெடுக்கட்டும்னு பாசமாவே ஓரங்கட்டிடுவாங்க. பழச்சாறு டப்பா வேற வாங்கிட்டு வருவாங்க."

"அதுக்கு என்னைப் பிடிச்சீங்களா?"

"நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இவ்வளவு கேக்குறேனே."

"ஆமா. ஆளை மாத்திப் பிடிச்சுட்டேன்." கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள், "நீங்க பொறந்தது என்ன வருஷம்?"

"பாம்பு வருஷம்."

"நான் டிராகன். அப்ப நான்தான் அக்கா."

எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விலங்கு, பாம்புக்கு முந்தியது டிராகன்; யார் மூத்தவர் என்று தெரியாதவரை இரண்டு பேருக்கு நடுவில் பேச்சே சரியாக உட்காராது. இரண்டு வருடம் அதைக் கேட்காமலே ஓட்டியிருக்கிறோம். என்னிடம் அவளுக்குப் பிடித்ததும் அதுதான் போலிருக்கிறது. அப்போதும் நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு அச்சுக்குப் போகும் நாள், பார்க்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் கோபம் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

4

வியாழக்கிழமை மாலை முடிவுகளை எழுதிப் பார்த்தேன். தொழில் பழக்கம், ஐந்து எழுத நினைத்தேன்.

① பரிசோதனையில் எதுவும் இல்லை. இருவரும் சூப் கடையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். (நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் இது முடிவு இல்லை, வேண்டுதல்.)

② கெட்ட செய்தி. ஆனாலும் பிலாட்டீஸ் கற்றுத்தந்த மூச்சு அவளைத் தாங்கி நிற்கிறது. (இந்த வாக்கியத்தை எழுதியதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

③ பக்கத்துப் படுக்கைக்காரி வரவில்லை. அச்சு வேலையை நடுவில் விட முடியவில்லை என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புகிறாள். மயக்க ஊசி இல்லாமலே ஹேரன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

④ அவள்

மூன்றாவதை எழுத ஒரு தடங்கலும் இருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட மாற்றத் தோன்றவில்லை. என் வேலையில் அவ்வளவு சரளமாக வருகிற விடையைத்தான் சரியான விடை என்று வைப்போம். எனக்குப் பயமாகிவிட்டது. நான்காவதைப் பாதியில் விட்டுவிட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினேன், எத்தனை மணிக்கு என்று.

"எட்டரைக்கு. நீ சாப்பிட்டுட்டு வா. என்னைப் பாத்து நீயும் பட்டினி கெடக்காத."

நீங்க போய் நீ வந்திருந்தது.

5

இது ஆஸ்பத்திரியில் வைத்துக் கைப்பேசியில் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் இருந்த நர்ஸ் கேட்டாள். "கூட வந்தவங்க குடும்பமா?"

"தங்கச்சி" என்றேன்.

"கூடப்பொறந்தவங்களா?"

"ஆமா."

ஹேரன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே ஆஸ்பத்திரி உடுப்பில் அவள் சின்னவளாகத் தெரிந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். எனக்கும் இருந்தது, அதையும் சொன்னேன். பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிற்றைத் தளர்த்தச் சொன்னார்கள்.

"இன்னும் இறுக்கமா வெச்சிருக்கீங்க, விடுங்க" என்றாள் நர்ஸ்.

"ரெண்டு வருஷமா உள்ள இழு, உள்ள இழுன்னு பழக்கிட்டாங்க. திடீர்னு விடுன்னா எப்படி விடுறது?"

நர்ஸுக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் யாருக்காகவோ உட்கார்ந்திருந்தார்கள். நானும் தோளை இறக்கி, கழுத்தைப் பின்னால் இழுத்து, தாபின் பார்த்தால் மெச்சுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பழையபடி கூனிவிட்டேன்.

"சோக் ஹேரனோட வந்தவங்க, உள்ள வாங்க."

மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கழுத்து என் கழுத்தைவிட முன்னால் நீண்டிருந்தது.

"நீங்க தங்கச்சிதானே?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் திரையை என் பக்கம் திருப்பிவிட்டார். பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டிப் பேசினார். நான் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அக்கா முழிச்சதும் நானே வந்து விளக்கமாச் சொல்றேன். அதுக்கு முன்னாடி அவங்க கேட்டா, நீங்களே சொல்லலாம். தெரிஞ்ச குரல்ல கேக்குறது நல்லதுதான்."

தெரிந்த குரலாம். இந்தப் புதன்கிழமை வரை மெம்பர் என்பதைத் தாண்டி அவளைக் கூப்பிட எனக்கு ஒரு சொல் இல்லை. ஒரு பொய் சொன்னேன், அதற்கு இந்தக் கட்டடம் என்னை அவளுடைய தங்கையாகவே ஆக்கிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை. அவளைப் படுக்க வைத்திருக்கிற அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டு, திரையில் என்ன இருந்தது என்று கேட்காமல் இருப்பீர்களா? அது எனக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், கருவியைக் கழுவுகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். குடலுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இதில் நான் எழுதிவிட்டால் அவளுக்கு முன்னால் நீங்களும் தெரிந்துகொள்வீர்கள். அவள் அப்பாவைப் பற்றியும் டிசம்பரைப் பற்றியும் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக உங்களிடம் சொல்லிவிட்டேன். இதையாவது அவளுக்கென்று விட்டுவைக்க வேண்டும். என்மேல் கோபம் வந்தால், நேற்று எழுதிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நான்காவதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

விரல் அசைகிறது. கண் திறந்துவிட்டது, ஆனால் கண்ணாடி இல்லாமல் நான் யாரென்று தெரியவில்லை.

"யாரு?"

"நான்தான் அக்கா."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்னவாம்?"

கேட்டுவிட்டாள். தயவுசெய்து நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.