மேம்பாலத்தில் இழுக்காத வண்டி

தாராவி தொண்ணூறடி ரோட்டில் வேல்ராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே மன்சூர் அலி கடை போட்டு மூன்று வருஷமாகிறது. பெட்ரோல் வண்டிகள் கேஸில் ஓட சிஎன்ஜி கிட் பொருத்துகிற கடை. இருவரும் ஒரே பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் வேல்ராஜ். அவனைக் கேட்காமல் மன்சூர் ஸ்பேனரைத் தொடமாட்டான்.

இப்போது மன்சூர் கடைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் ஆர்டிஓ அங்கீகாரச் சான்றிதழ். வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கும். பானட்டுக்குள் தலையை விட்டிருந்தாலும் வேல்ராஜின் கண் அங்கேதான். ஐந்தாவது வண்டி வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மன்சூர் போன கேஸ் டிரெயினிங்குக்கு நீங்களும் போயிருக்கலாமே என்று மனைவி மகேஸ்வரி ஒருநாள் சொல்லப்போக, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தான்.

மாட்டுங்கா ஷ்யாமளா டீச்சர் எட்டு வருஷமாக அவனிடம் வருகிறவர். தன் பழைய வேகன் ஆர் காரை வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவரே மன்சூரிடம் போய் கேஸ் பொருத்திக்கொண்டார் என்று தெரிந்தபோது, யாரோ வீட்டுக்குள் புகுந்து எதையோ தூக்கிப்போய்விட்ட மாதிரி இருந்தது வேல்ராஜுக்கு.

பதினைந்து நாள் கழித்து அந்த வண்டி அவனிடமே வந்து நின்றது.

"பெட்ரோல்ல ஜம்முனு போறது, வேல்ராஜ். கேஸ்ல போட்டா சயான் ஃப்ளைஓவர் ஏறவே மாட்டேங்கறது," என்றார் டீச்சர். மன்சூர் இரண்டு தடவை பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லையாம்.

வேல்ராஜ் கேஸில் ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான். ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கோளாறு கிட்டில் இல்லை, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலில். போன மழைக்காலத்தில் ஒரிஜினல் கிடைக்காமல் அவன்தான் மலிவாக ஒன்றைப் போட்டிருந்தான். ஒரிஜினல் வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மறந்துபோனான். பெட்ரோலுக்கு அந்தப் பொறி போதும். கேஸுக்கு இன்னும் வலுவான பொறி வேண்டும்.

எதிர்க்கடை வாசலைப் பார்த்தான். ஐந்து வண்டி நின்றது. பானட்டைச் சாத்தினான்.

"இந்த வண்டிக்குக் கேஸு ஒத்துக்கிடாது டீச்சர். கிட்டைக் கழத்திருங்க."

டீச்சர் நம்பினார். செம்பூரில் அவர் வேலை பார்க்கும் பள்ளியிலும் சொல்லிவிட்டார் போல. அங்கிருந்து கிட் பொருத்த வருவதாயிருந்த இருவர் வேண்டாமென்றார்கள். அந்த வாரம் மன்சூர் வாசலில் இரண்டு வண்டிக்கு மேல் நிற்கவில்லை. வேல்ராஜுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயாகூட ருசித்தது.

சனிக்கிழமை மத்தியானம் மன்சூர் ரோட்டைத் தாண்டி வந்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. சண்டைக்குத்தான் வருகிறான் என்று வேல்ராஜ் எழுந்து நின்றான். மன்சூர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தான்.

"நாளைக்கு டீச்சர் வண்டியில கிட்டைக் கழத்தப் போறேன். அது போவட்டும். பிளக்கு புதுசு, செக் பண்ற மெஷின்லயும் ஒண்ணும் காட்டல. என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லு வேலு. ஒனக்குத் தெரியாம இருக்காது."

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் மன்சூருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல மட்டும் வேல்ராஜுக்கு வாய் வரவில்லை.

"காயிலு," என்றான். "நான் போட்டதுதான்."

"டீச்சர் வந்த அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

மன்சூர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கிட்டைக் கழற்றும் முன்பே வேல்ராஜ் ஒரிஜினல் காயிலை வாங்கிவந்து டீச்சர் வண்டியில் மாட்டினான். தன் தப்புதான் என்று டீச்சரிடம் தலைகுனிந்தபடி சொன்னான், எல்லாவற்றையும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான். வண்டி கேஸிலேயே மேம்பாலத்தை மூன்றாம் கியரில் ஏறியது.

தெரிந்தே பொய் சொன்னதை மன்சூராவது சொல்லிவிடுவான் என்று வேல்ராஜ் தினமும் எதிர்பார்த்தான். அவன் டீச்சரிடமும் சொல்லவில்லை, தெருவிலும் சொல்லவில்லை. வேல்ராஜ் சரியாகக் கண்டுபிடித்தார் என்றுதான் சொன்னானாம். டீச்சர் அதை வந்து சொன்னபோது எதிர்க்கடை வாசலில் ஆறு வண்டி நின்றது. ஆனால் வேல்ராஜ் அன்றைக்குப் பொறாமைப்பட்டது அந்த வண்டிகளைப் பார்த்து அல்ல. இப்படிச் சொல்ல மன்சூருக்கு மனசு வந்ததே, அதை நினைத்து.