ஒரு பாட்டில் பெட்ரோல்

அறுபதுகளில் போர்ட் பிளேரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்களைப் பற்றிப் பேசியவர்களைத்தான் எண்ண முடியாது. இருந்த தார் ரோடெல்லாம் ஒரு மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். இதில் என்ன வேகம், என்ன பந்தயம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அபர்தீன் பஜார் டீக்கடையில் சாயங்காலம் வாய்ப்பந்தல் போடும் கூட்டத்தில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் மோரிஸ் மைனர் வேதநாயகம், புன்னைக்காயலிலிருந்து வந்து படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். இன்னொருவர் பியட் பழனிசாமி, கோயமுத்தூர்ப் பக்கத்துக் காண்டிராக்டர்.

மேட்டில் கியர் மாற்றாமல் ஏறுவதுதான் வண்டி என்பார் பழனிசாமி. பெட்ரோலை வீணாக்காமல் ஓட்டுகிறவன்தான் டிரைவர் என்பார் வேதநாயகம். சண்டை முற்றினால் வேதநாயகத்திடம் ஒரு கடைசி அஸ்திரம் உண்டு. பழனிசாமியின் பியட்டை ஓட்டுவது அவர் சம்பளத்துக்கு வைத்த பன்னீர்செல்வம்.

"வண்டி யார் பேர்ல இருக்குன்னு பாக்காதேயும் வே. யார் கைக்கு ஸ்டார்ட் ஆகுதோ அவம்தான் ஓனர்."

இந்தப் பேச்சு வீட்டுக்கும் வரும். வந்தால் வேதநாயகத்தின் மனைவி கிரேசிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். மோரிஸின் ஸ்டார்ட்டர் உப்புக் காற்றில் எப்போதோ செத்துவிட்டது. புதியது மெட்ராஸிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கப்பலும் அது இல்லாமலே வந்தது. அதனால் தினமும் காலையில் வீட்டுச் சரிவில் வேதநாயகம் பின்னாலிருந்து தள்ளுவார். கிரேசி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்துக்கொண்டு, வேகம் பிடித்த நேரம் பார்த்துக் காலை எடுப்பாள். வண்டி இருமிக்கொண்டு உயிர்பெறும். உடனே பின்னாலிருந்து குரல் வரும், "போதும், நிப்பாட்டு." அவள் இறங்கி, சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம் உட்கார வேண்டும்.

நான்கு வருடமாக அவள் ஓட்டியது அந்தச் சரிவை மட்டும்தான். ஒரே ஒரு நாளாவது, எஞ்சின் பிடித்த பிறகு நிறுத்தாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை. கேட்டதில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சரிவும் கசந்துபோகுமே என்று பயம்.

ஒரு மழைக்காலத்தில் கப்பல் தாமதமானது. பெட்ரோல் டிரம்மெல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் "பெட்ரோல் கத்தம்" என்று கையை விரித்தார்கள். ஓட்ட வழியில்லாத நாளில் பேச்சு இரட்டிப்பாகும். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. டாங்கில் மிஞ்சியிருந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு பீர் பாட்டில் பெட்ரோல். ஊருக்கு வெளியே கராச்சர்மா கிராமத்துக்குப் போகும் ரோட்டில் எந்த வண்டி அதிக தூரம் போகிறதோ அதற்கே ஜெயம். தோற்றவர், கப்பல் வரும் நாளில் ஊரே கூடும் ஜெட்டிக்கு, ஜெயித்தவர் காரின் பின்சீட்டில் வாய் திறக்காமல் வர வேண்டும்.

வேதநாயகம் எடையைக் குறைக்க ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்தார். பந்தயத்தன்று பழனிசாமி சிரித்துக்கொண்டே பன்னீர்செல்வத்தை முன்னால் தள்ளினார். ஓணான் மாதிரி ஒல்லியான ஆள். வேதநாயகம் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். அதைக் கழற்றி வைக்க ஸ்பானர் கிடையாது. பிறகு, வழக்கம்போல ஸ்டார்ட் செய்ய வந்து நின்ற கிரேசியைப் பார்த்தார்.

"ரோட்டுல வண்டியே இல்ல. மெள்ளப் பிடிச்சிக்கிட்டுப் போயிருவியா?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். லைசென்ஸ் என்ற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. வேதநாயகம் தள்ளினார், எஞ்சின் பிடித்தது, முதல்முறையாகப் பின்னாலிருந்து குரல் வரவில்லை. ஆண்கள் இருவரும் டீசலில் ஓடும் கராச்சர்மா பஸ்ஸில் ஏறிப் பின்னால் வந்தார்கள்.

பியட் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. கிரேசி அவசரப்படவில்லை. அந்த ரோடு ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டாள். இறக்கம் முடியும் இடத்தில் சாவியைத் திருப்பிக் கிளட்சை விட்டாள். ஒருமுறைகூட எஞ்சின் ஏமாற்றவில்லை. நான்கு வருடக் காலைகள் அவள் காலில் இருந்தன. ஜங்லிகாட் பக்கம் கடல் பளிச்சென்று தெரிந்தபோது, யாரும் கேட்காத இடமென்று வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கராச்சர்மாவுக்கு முந்தைய மேட்டில் பியட் நின்றிருந்தது. பன்னீர்செல்வம் பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தாண்டியதுமே ஜெயித்தாயிற்று. அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் மோரிஸின் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று படபடத்தது. டாங்க் காலி, இன்னும் ஒரு வாய்தான் மிச்சம் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு வாயை மிதித்து மேட்டைத் தாண்டி, மறுபக்கம் பாக்குத் தோப்பு வரைக்கும் உருண்டு போய்த்தான் நின்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பழனிசாமி தோல்வியை மறைக்கவில்லை.

"வேதநாயகம், உங்க கணக்குப்படி பாத்தா இது உங்க வண்டியே இல்லீங்க."

வேதநாயகம் திரும்பிப் போகக் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவுக்கு வந்தார். கிரேசி எழுந்திருக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். முன்னால் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"தள்ளுங்க."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு பின்னால் போனார். எஞ்சின் பிடித்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார். வண்டி வளைவைத் தாண்டி மறைந்தது. பழனிசாமி அவரைப் பார்க்க, அவர் பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோரிஸ் ஊரைப் பார்க்கத் திரும்பி வந்து நின்றது. இடது பக்கக் கதவு திறந்தது.

அடுத்த கப்பலில் பெட்ரோல் வந்தது. கிரேசி ஓட்ட, வேதநாயகம் பக்கத்தில் இருக்க, பழனிசாமி பின்சீட்டில் வாய் மூடி ஜெட்டிக்கு வந்ததை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது. அதே கப்பலில் ஸ்டார்ட்டரும் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் கிரேசிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் அதைப் பிரிக்காமல் பரண்மேல் தூக்கிப் போட்டார். படகு வேலையே தலைக்குமேல் இருக்கிறது, மாட்ட நேரமில்லை என்றார்.

எழுபதுகளின் கடைசியில் வண்டியை விற்றபோதும் அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. வாங்க வந்தவர், சணல்கூட அவிழ்க்காத அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை ஏன் மாட்டவில்லை என்று கேட்டார்.

"ஓனர் கைக்கு ஸ்டார்ட் ஆகுற வண்டிக்கு அது எதுக்கு?" என்றார் வேதநாயகம். சாவியைக் கிரேசியிடம் கொடுத்து, அவள் கையாலேயே கொடுக்கச் சொன்னார்.