தலை நிறைய வெளிச்சம்

பெரிய டாக்டருக்குச் சளி பிடித்த செவ்வாய்க்கிழமை, அவர் வாய்க்குள் வைத்த விளக்கின் வெளிச்சம் நெற்றி, காது, உச்சி என்று எல்லா வழியாகவும் வெளியே வந்து கூரையில் விழுந்தது. அறையை இருட்டாக்கி இப்படிப் பார்ப்பது வழக்கம்தான். சளி இல்லாத கன்னம் லேசாகச் சிவக்கும், அடைத்த கன்னம் இருண்டு கிடக்கும். மண்டை மொத்தமும் காகித விளக்குக் கூடு மாதிரி ஒளிர்ந்ததை மூத்த நர்ஸ் தன் பதினெட்டு வருஷ வேலையில் பார்த்ததில்லை. வெளிச்சத்தை மறிக்க உள்ளே ஒன்றுமே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. மேலதிகாரி ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு அந்த வெளிச்சத்தை அறிவொளி என்று தீர்மானம் போட்டு, பதவி உயர்வும் கொடுத்தது. அதன்பின் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் வாயில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் தடைபட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் நர்ஸின் தங்கைக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தை மூச்சுக்குத் திணறியது. நர்ஸ் விளக்கை அதன் மார்பில் வைத்தாள். வலப்பக்கம் முழுவதும் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து அதை நெரிக்கிறது. ஊசி குத்தி அந்தக் காற்றை உடனே எடுக்காவிட்டால் பிள்ளை தங்காது.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"அடேயப்பா, அப்படியே என்னை மாதிரி! பெரிய ஆளா வருவா சிஸ்டர். யாரும் கை வைக்காதீங்க."

"அக்கா, நீலமாயிட்டே வருதுக்கா!" என்று தங்கை கதறினாள்.

நர்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உள்ள வெறும் காத்து சார். உங்களுக்கு ஒத்துக்கும், பச்சப்புள்ளைக்கு ஒத்துக்காது."

இத்தனை வருஷமாக டாக்டர்கள் கையில் எடுத்துக் கொடுத்த ஊசியை அவளே குத்தினாள். காற்று உஸ்ஸென்று வெளியேறியது. மார்பு இருண்டது, குழந்தை வீறிட்டு அழுதது.

ஒரு மேதையின் ஒளியை அணைத்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. குழந்தை உயிரோடு இருக்கிறது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். அது தகுந்த காரணம் ஆகாது என்று குழு குறித்துக்கொண்டது.

பெரிய டாக்டர் மேலும் பதினோரு வருஷம் பதவியில் இருந்தார். மின்சாரம் போன சாயங்காலங்களில் வாயில் விளக்கோடு அவரை வராந்தாவில் உட்கார வைப்பார்கள். நாலு படுக்கைக்குத் தாராளமாக வெளிச்சம் கிடைக்கும். தங்கை மகள் பள்ளி விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளைத் தாண்டி ஒரு பொட்டு வெளிச்சமும் போகாது. சுவரில் அவள் நிழல் கருகருவென்று விழும். பெரியம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.