கை படாத எலும்பு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சோப்பு அக்கா. அடையாளம் தெரியாத உடல்களின் எலும்பிலிருந்து மரபணு எடுத்து, அது யார் என்று கண்டுபிடிக்கும் கூடம் அது. அங்கே ஒரு தும்மல் போதும், செத்தவன் கணக்கில் உயிரோடிருப்பவன் ஏறிவிடுவான். அதனால் அவள் கையுறைமேல் கையுறை போடுவாள். முகமூடிக்குள் வாயே திறக்கமாட்டாள். வீட்டில் முகமூடி இல்லை, பேசத்தான் ஆளில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி கோபித்துக்கொண்டு படியிறங்கியவன், திரும்பவே இல்லை. எங்கோ பெண்டாட்டி பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கிறான், திமிர் பிடித்தவன் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அந்த நினைப்பில்தான் அவளுக்குத் தினமும் சோறு இறங்கியது.

அன்று, அவள் கையாண்ட ஓர் எலும்பின் முடிவைக் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியது. ஊழியர்களின் மரபணுவும் அதில் பதிவாகியிருக்கும். யாருடைய எச்சிலாவது வியர்வையாவது கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்குப் பாதி அவளோடு பொருந்தியது.

தலைமை ஆய்வாளர் அவளைவிடச் சின்னவர். சிவப்பை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்களா? நம்பவே முடியலயே."

அவள் திரையை மறுபடி படித்தாள். அவளுடையதே ஒட்டியிருந்தால் முழுசாகப் பொருந்த வேண்டும். பாதி பொருந்துவது கூடப் பிறந்தவர்களுக்கு.

"நான்தான் தொட்டிருப்பேன்," என்றாள் அவசர அவசரமாக. "அன்னைக்கு எனக்குச் சளி. முகமூடிய எறக்கி மூக்கத் தொடச்சேன்."

பச்சைப் பொய். வேலை போனாலும் போகட்டும், இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் குப்பைக்குப் போனாலும் போகட்டும், தம்பி இருந்தால் போதும்.

விதிப்படி அதே உடலின் இன்னொரு எலும்பை வேறொருவர், அவள் கால் வைக்காத அறையில் சோதித்தார். முடிவு வரும்வரை அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. தன் கை அழுக்காக இருந்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

தலைமை ஆய்வாளர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நீங்க தொடலக்கா. அதே முடிவுதான். ஆம்பளை. உங்க கூடப் பொறந்தவர்தான்." பிறகு, "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்றார்.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னக்கா இங்க? இது சொந்தக்காரங்க உக்கார்ற எடம்."

"தெரியும்ப்பா," என்றாள். "தம்பியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."