காகிதத்தில் டீசல் வண்டி

கடைசி போல்ட் துருவேறி அசைய மறுத்தது. மகள் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தாள். வகுப்புத் தோழிகள் இருவரும் அடியில் கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். போல்ட் பட்டென்று விட்டதும், சரக்கு ஆட்டோவின் எஞ்சின் கட்டைமேல் இறங்கியது. பதினாறு வருடம் தண்ணீர் கேன் சுமந்த எஞ்சின் அது. அது இறுகி ஓடாமல் நின்ற பிறகு, அப்பா மூன்று மாதமாக வாடகை சைக்கிளில் நடைக்கு நான்கு கேன் கட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"படிக்கிற புள்ளைங்களுக்கு வெளையாட என் வண்டிதான் கெடைச்சுதா?"

"வெளையாட்டு இல்லப்பா. ப்ராஜெக்ட். ஓடலைன்னா எங்களுக்கு பாஸே இல்ல."

கூரையில் சோலார் தகடுகள், சீட்டுக்கடியில் பேட்டரிகள், பின்னால் பழைய மோட்டார். எல்லாம் பொருந்த இரண்டு மாதம் ஆனது. கல்லூரி மைதானத்தில் அப்பா சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"ஸ்டார்ட்டே ஆகலையே!"

"ஆயிடுச்சுப்பா. ஆக்ஸிலேட்டரத் திருகுங்க."

ஒரு சுற்று போய் வந்து இறங்கினார். முகத்தைத் துண்டால் வெகுநேரம் துடைத்தார். "சத்தமே இல்ல. உங்கம்மா திட்டறது இனிமே தெளிவா கேக்கும்."

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் பாலத்தடியில் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி நிறுத்தினார். வண்டியை இரண்டுமுறை சுற்றி வந்தார்.

"யாரு செஞ்சது?"

"எம் பொண்ணும் அவ கூட்டாளிங்களும் சார்."

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா பேப்பர்ல டீசல் வண்டின்னுதானே இருக்கு?"

முப்பது கேனையும் அப்பாவே இறக்கிச் சாலையோரம் அடுக்கினார். வண்டியை அலுவலக வளாகத்துக்கு இழுத்துப் போனார்கள்.

அந்த வண்டிக்காக மகளுக்கும் தோழிகளுக்கும் கல்லூரி முதல் பரிசு கொடுத்தது. அந்தச் சான்றிதழை அலுவலகத்தில் நீட்டினாள். வண்டி தயாரித்த கம்பெனியின் சான்றிதழ்தான் செல்லும் என்றார்கள். கம்பெனியோ, தான் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாது என்றது.

"தெரிஞ்சிருந்தா எஞ்சின கழட்டியிருக்கவே மாட்டேம்ப்பா."

"கழட்டலைன்னா மட்டும் ஓடியிருக்குமா? விடும்மா."

நான்காம் முறை இருவரும் போனபோது ஊர் முழுக்க மின்வெட்டு. கூடம் இருண்டு புழுங்கியது. வரிசையில் நின்றவர்களின் சட்டைகள் முதுகோடு ஒட்டியிருந்தன. ஆனால் எழுத்தரின் மேசையில் சின்ன மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. மகளின் கண் அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனது. ஒயர் ஜன்னல் கம்பி வழியாக வெளியேறி, வெயிலில் நின்ற அப்பாவின் வண்டிக்குப் போய், சீட்டுக்கடியில் நுழைந்திருந்தது.

எழுத்தர் நாற்காலியைக் காற்றுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரியவரே, அடுத்த வாரம் வந்து பாருங்க."