கூண்டுக்குள் ஒரு கை

உடம்பில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். இருந்தாலும் மனம் கேட்காமல், வந்து நின்ற பெண்ணின் தோளருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர் வாசம்.

"சோப்பு கூடப் போடலக்கா. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்தவங்க எந்திரிச்சே போயிட்டாங்க."

"நல்லது. நம்ம வேலைக்கு மனுசங்க ஓடணும், கொசு வரணும்."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே சிரிப்பு நின்றுபோனது. அவள் பார்வை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த மேலாளர் மேல் இருந்தது.

கொசு விரட்டும் களிம்புகளைச் சோதிக்கும் நிறுவனம் அது. ஜன்னல் இல்லாத அறை, எப்போதும் ஈரமான வெக்கை. ஒன்று சாத்தினால்தான் இன்னொன்று திறக்கும் இரட்டைக் கதவு. மேஜை மேல் வலைக் கூண்டுகள். அவற்றுள் இங்கேயே பிறந்து வளர்ந்த, நோய் நொடி அறியாத கொசுக்கள். களிம்பு தடவிய கையைக் கூண்டுக்குள் விட்டு எத்தனை உட்காருகின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் எதுவும் தடவாத வெறுங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். அந்த வெறுங்கைதான் அளவுகோல். கொசு வராத கையில் எந்தக் களிம்பும் நல்ல களிம்புதான். நான்கு வருடமாக இங்கே அளவுகோல், அந்தப் பெண்ணை வரச் சொன்னவளின் கை. உள்ளே விட்டதும் மொய்க்கும். மேலாளர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். தங்கக் கை என்பார். தங்கம் என்பதால் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார் போலும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். 

அவள் வகுப்பில் பாதிப் பேர் மருத்துவத்துக்கு மதிப்பெண் போதாமல் விலங்கியலில் வந்து விழுந்தவர்கள். அவள் விரும்பிச் சேர்ந்தவள். வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று தானும் மதிப்பெண் குறைந்தவள் மாதிரியே மூன்று வருடமும் முகத்தை வைத்துக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் ஒருத்தி மருந்து விற்கப் போனாள், ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு, ஒருவன் மீன் பண்ணைக்கு. பெரியம்மாவுக்கு இன்றுவரை சந்தேகம். "விலங்கியல்னா மாட்டு டாக்டர்தானே? இவ ஏன்டி கொசுவப் பாத்துக்கிறா?" அம்மா, "அது பெரிய லேப்பு அக்கா" என்று மட்டும் சொல்வாள்.

போன மாதம் வௌவால் கணக்கெடுப்புக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. மலைக் குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் வேலை. வரும் திங்கட்கிழமைக்குள் அனுபவச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். மேலாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை.

"கொசுவத் திங்கிறதப் பாக்கப் போறியாம்மா? போயேன், நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? உன் கைக்குப் பதிலா ஒரு கையக் கொண்டு வந்து நிறுத்து. சான்றிதழ அன்னைக்கே தர்றேன்."

ஒவ்வொருவராகக் கொண்டு வந்தாள். கூடப் படித்தவளின் தங்கை, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரியில் இரண்டு வருடம் பின்னால் வந்தவர்கள். அரை நிமிடத்துக்குள் பத்துக் கொசு உட்கார வேண்டும். யார் கையிலும் மூன்று நான்குக்கு மேல் உட்காரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. இந்தப் பெண்தான் கடைசி.

முழங்கை வரை வரும் கையுறையை மாட்டிவிடும்போது அந்தப் பெண் தாழ்ந்த குரலில் பேசினாள். "வேலை கெடைச்சா ரெண்டு வருஷம் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டாருக்கா. இல்லன்னா ஞாயித்துக்கெழம பாக்க வர்றாங்க."

"இந்த வேலை பிடிக்குமா உனக்கு?"

"அவங்க முன்னாடி போய் உக்கார்றதுக்கு இது தேவலாமே."

ஒரு வருடம்தான் என்று சொல்லிக்கொண்டுதான் நானும் வந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. கொசு உட்காருவதற்காக உறையின் நடுவில் விட்டிருந்த சதுர ஓட்டையை முன்கைக்கு நேராக இழுத்துவிட்டாள்.

இருவரும் முகமூடி அணிந்தார்கள். கொசுவுக்கு மூச்சுக்காற்று போதும், எங்கிருந்தாலும் கிளம்பி வரும். பயத்தில் சட்டென்று கையை உருவிவிட்டால் கை நுழைக்கும் துணிக்குழாய் வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அருகில் நின்று துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தைரியமும் சொல்வாள். இன்றும் அப்படித்தான்.

மேலாளர் கையசைத்தார். கை உள்ளே போனது. ஒன்று வந்தது. பிறகு இரண்டு. நேரம் முடிந்தபோது நான்கு.

"இன்னொரு தடவை" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை. இரண்டு வாய்ப்புதான்.

அந்தப் பெண்ணின் கழுத்து வியர்த்திருந்தது. "அக்கா, என் ரத்தம் நல்லா இல்லையா?" என்றாள், பரீட்சையில் தோற்றவள் குரலில்.

அவளுக்குத் தன் முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கினால் போதும் என்று தோன்றியது. குனிந்து ஒரே ஊது. அத்தனையும் கிளம்பிவிடும், பத்து என்ன, இருபது உட்காரும். மேலாளருக்குத் தெரியப்போவதில்லை. பிறகு இந்தப் பெண்ணின் கையை நம்பித் தேறாத களிம்பெல்லாம் தேறிக் கடைக்குப் போகும். போகட்டும். திங்கட்கிழமை அவள் குகையில் இருப்பாள். விரல் முகமூடியின் ஓரத்துக்குப் போய்விட்டது. மேலாளர் இரண்டாவது தடவையாகக் கையசைத்தார். கை உள்ளே போனது. அவள் முகமூடியை இறக்கி ஊதக் குனிந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். தன் பக்கத்து வலை கறுத்திருந்தது. கூண்டிலிருந்த கொசுக்களில் பெரும்பாலானவை அவள் வயிற்றுக்கு நேரே வலையில் அப்பிக்கொண்டு, கண்ணிகள் வழியாக ஊசிவாயை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தப் பெண்ணின் கை தனியாகக் கிடந்தது.

முகமூடி போட்டால் மூச்சு நின்றுவிடுமா? உடம்புச் சூடு எங்கே போகும்? படித்தது எல்லாம் இதைத்தானே. கூடப் படித்தவளின் தங்கைக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அருகில் நின்று அவளே தைரியம் சொல்லியிருந்தாள்.

முகமூடியை மேலே இழுத்துவிட்டாள். தன் மணிக்கட்டிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றித் துணிக்குழாயின் மேல் இறுக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தாள்.

"அக்கா, எங்க போறீங்க?"

"இங்கதான் இருக்கேன். கைய எடுக்காத."

மேலாளர் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பவில்லை. முதுகில் கதவு இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. நெஞ்சு எரியத் தொடங்கியது. வலையில் கறுப்பு அப்படியே இருந்தது, அவளையே பார்த்தபடி. பிறகு அதன் ஓரத்திலிருந்து ஒன்று கிளம்பியது. கூண்டின் நடுவில், வலைக்கும் கைக்கும் இடையே, எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் மிதந்துகொண்டிருந்தது.